பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

எழுத்தாளர்களில் பல இனம் உண்டு. எழுதி வெளியிடுகிறவர்கள், எழுதியும் வெளியிடாதவர்கள், எழுதாமலே வெளியிடுகிறவர்கள். இந்த மூன்றாம் இனத்தைப் பற்றி நான் வாய் திறந்தால் என் பிழைப்பு போய்விடும், ஏனென்றால் நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவன். ஆகவே இன்று உங்களுக்கு நான்காம் இனத்தை அறிமுகப்படுத்துகிறேன். இவர் என்னுரை மட்டும் எழுதுகிறவர்.

என்னுரை தெரியும்தானே? அணிந்துரை பிறர் எழுதுவது, அதில் பாராட்டு இருக்கும். என்னுரை ஆசிரியரே எழுதுவது, அதில் வேதனை இருக்கும். இந்த நூலை எழுதத் தூண்டியது எது, இதற்காகத் தான் எத்தனை நாள் தூங்கவில்லை, எந்த விரல் மரத்துப்போனது, யார் யார் ஏளனம் செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் மனைவி மக்களுக்கு நன்றி கூறி, தேதி போட்டுக் கையெழுத்திடும் இடம். வாசகர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். நம்மவர் அந்தப் பக்கங்களுக்காகத்தான் எழுத வந்தவர்.

என்னுரையார் என்றே அவரை அழைப்போம். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். தண்ணீர் வரவில்லை என்றாலும், தண்ணீர் நிற்கவில்லை என்றாலும், 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரியில் பதில் எழுதிப் பழகிய கை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஏழு பக்கத்தைப் பழுப்பு உறையில் போட்டு, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் அச்சகத்துக்கு வந்தார்.

"இதை முதல்ல கம்போஸ் பண்ணி ஒரு புரூஃப் குடுத்துடுங்க சார்."

"புத்தகம் எங்க சார்?"

"வரும். இது அச்சுல கண்ணு முன்னாடி இருந்தாத்தான் எனக்கு ஒரு வேகம் வரும்."

முதல் வரியே அமர்க்களம். 'இந்த நூல் பன்னிரண்டு ஆண்டு கால உழைப்பு.' எனக்கு மனிதர் மேல் மரியாதையே வந்துவிட்டது. "எப்ப சார் ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"போன செவ்வாக்கிழமை."

"பன்னிரண்டு வருஷம்னு போட்டிருக்கீங்களே?"

"முடிக்கும்போது பன்னிரண்டு ஆயிருக்கும்ல? மூணு நாலு வருஷம்னு போட்டா யார் சார் மதிப்பாங்க? ஏதோ பொழுதுபோகாம எழுதிட்டான்னு நெனப்பாங்க."

சிரிக்காதீர்கள். அவர் சோம்பேறி என்றும் நினைக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். புத்தகம் எழுதி முடித்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். என்னுரையார் உழைப்பதில் பாதி அவர்கள் உழைத்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: என்னுரையில் பொய் இருக்கக் கூடாது. அதில் எழுதிய கஷ்டம் ஒவ்வொன்றையும் அனுபவித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். 'விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரா, சத்தியமாக எழுந்துவிடுவார். எழுந்து, முகம் கழுவி, நான்கு பென்சிலையும் சீவி, காகிதங்களின் நுனியைத் தட்டிச் சமன்படுத்தி, பிறகு தூங்கிக்கொண்டிருக்கும் மனைவியையும் மகளையும் எழுப்பி, "எழுதப் போறேன், சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவார். 'மருத்துவர் எச்சரித்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை' என்று இன்னொரு வரி. அதற்காக மருத்துவரிடம் போனார். அவர் சோதித்துப் பார்த்து, உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார். நம்மவர் மனம் தளரவில்லை, வேறு மருத்துவரிடம் போனார். மூன்றாவது மருத்துவர்தான் கழுத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு அச்சகத்துக்கு அவர் இனிப்பு வாங்கி வந்தார்.

'கையெழுத்துப் பிரதி முழுவதும் மழையில் நனைந்து அழிந்துபோக, நினைவிலிருந்தே மீண்டும் எழுதினேன்' என்பது ஐந்தாம் பக்கத்தில் வருகிறது. அது மட்டும் இன்னும் நடக்கவில்லை. மழை பெய்யாமல் இல்லை. நனைவதற்குப் பிரதிதான் இல்லை.

சரி, எதைப் பற்றிய புத்தகம் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அவருடைய மகள் கேட்டாள். மைத்துனர் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்: "அதைத்தானே எழுதிட்டிருக்கேன்." ஆனால் ஏன் எழுதுகிறீர்கள் என்று மட்டும் தெரியாத்தனமாகக் கேட்டுவிடாதீர்கள், உங்கள் அரைநாள் போய்விடும். அலுவலகத்தில் கேட்டால் சமுதாயத்துக்காக. உறவினர் வீட்டில் கேட்டால் வரும் தலைமுறைக்காக. பல் மருத்துவரின் வரவேற்பறையில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்காமலே அவருக்குச் சொன்னது, "உள்ளே ஒண்ணு இருந்துக்கிட்டு என்னைத் தூங்க விடலை சார்." பல்லைச் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் தலையாட்டியிருக்கிறார். உள்ளபடியே அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு மேடை, ஒரு மைக், எதிரே ஐம்பது நாற்காலி, 'இவ்வளவு சிரமத்துக்கு நடுவில் எப்படித்தான் எழுதினீர்களோ' என்று கேட்க ஓர் ஆள். புத்தகம் எழுதாமல் இந்தக் கேள்வியைக் கேட்க வைக்க வழி இருந்தால் அவர் அந்த வழியிலேயே போயிருப்பார்.

வருஷத்துக்கு ஒரு முறை புரூஃபை எடுத்துக்கொண்டு வருவார். ஓர் அரைப்புள்ளியை நீக்குவார், அடுத்த வருஷம் அதைச் சேர்ப்பார். திருத்திய புரூஃபை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருமுறை பொறுமை இழந்து, "சார், கொஞ்சம் சீக்கிரம் முடிக்கப் பாருங்களேன்" என்றேன்.

"எப்படி சார் முடியும்? இன்னும் எட்டு வருஷம் பாக்கி இருக்கு. இப்பவே முடிச்சா முதல் வரியே பொய்யாயிடுமே!"

அந்த வருஷத்து அரைப்புள்ளியைத் திருத்தப் புரூஃபைக் கையில் எடுத்தேன்.

இப்படியே போயிருந்தால் இவரை நான் வெறும் வேடிக்கையாகவே சொல்லி முடித்திருப்பேன். ஆனால் எழுதுகிறவருக்கு மேஜை வேண்டும் அல்லவா? மேஜைக்கு இடம் வேண்டும். அவர்கள் வீடு மூன்றாம் மாடி, இரண்டு அறை, வெளிச்சம் வருகிற சன்னல் ஒன்றே ஒன்று. அந்தச் சன்னலடியில் அவர் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. அந்த அம்மாள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். ஒன்பது வருஷமாக ஒரே பள்ளிக்கு, வெட்டுவது முதல் காஜா எடுப்பது வரை அத்தனையும் அவர் கைவேலை. 'சன்னலோரம் அமர்ந்து எழுதினேன்' என்று என்னுரையில் ஒரு வரி விழுந்தது. அவ்வளவுதான். மெஷின் சமையலறைக்குப் போகும் நடையில், அலமாரிக்குப் பின்னால், ஒற்றை பல்புக்குக் கீழே போய் நின்றது. மைத்துனர் மூன்று மாடி ஏற்றி மேஜையைக் கொண்டுவந்து போட்டார். அவருக்கும் ஆறாம் பக்கத்தில் நன்றி இருக்கிறது.

அந்த பல்புக்குக் கீழே கருநீலமும் கறுப்பும் ஒரே நிறம். கருநீலச் சட்டைகளுக்குக் கறுப்பு நூல் ஓடி, சீருடைகள் திரும்பி வந்தன. அடுத்த வருஷமும் வந்தன. இந்த வருஷம் பள்ளியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், இன்னொரு முறை இப்படி ஆனால் வேலை வேறு ஆளுக்கு. அந்த அம்மாள் கணவரிடம் பத்து நாளைக்கு மட்டும் சன்னலைக் கேட்டார். அவர் ஏறிட்டும் பார்க்காமல், "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அலுவலகத்துப் பதில்தான், வீட்டுப் பேச்சில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இந்த வருஷத்துப் புரூஃபைக் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் நான்கு பென்சில், ஒரு பூதக்கண்ணாடி, அடுக்கிய வெள்ளைக் காகிதம். நடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்களே வாய்விட்டுப் படிங்க சார். ஓசை எப்படி விழுதுன்னு பாக்கணும்" என்று கண்ணை மூடிக்கொண்டார் என்னுரையார்.

படித்தேன். 'இறுதி அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் மனைவி கண்ணீர் விட்டு அழுதாள்.'

மெஷின் நின்றது. "நான் எப்பங்க அழுதேன்?" என்று நடையிலிருந்து குரல்.

"அழுவே" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடையிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த உற்சாகத்தில் அடுத்த வரியைக் கொஞ்சம் உரக்கவே படித்துவிட்டேன். 'சன்னல் வெளிச்சத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, இருட்டு மூலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்த அவளுடைய தியாகம் இல்லையேல் இந்த நூல் இல்லை.'

அந்த அம்மாள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"இன்னொரு தடவை படிங்கண்ணா."

படித்தேன். இந்த முறை மெதுவாக.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார் கணவரைப் பார்த்து.

"எது?"

"அங்க இருட்டா இருக்குன்னு. என் கண்ணு போகுதுன்னு. நீங்க கவனிக்கலைன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்! எழுத்து ஞாபகத்துல இருக்காரு, இதெல்லாம் கண்ணுல படலை போலிருக்குன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"கவனிக்காம இருப்பனா? நாலு வருஷமா இந்த வரி அப்படியே இருக்கே! நீ வேணும்னா சாரைக் கேளு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அந்த வரியை நான்கு முறை புரூஃப் பார்த்தவன் நான்தான். ஒரு முறை 'கெடுத்துக்கொண்டு' என்பதில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டேன், இன்னொரு முறை ஒரு கால்புள்ளியைச் சேர்த்தேன். அந்த வீட்டுக்கு நான்கு முறை போய், அந்த நடையைத் தாண்டித்தான் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்த அம்மாளின் கண் கலங்கியது. நம்மவர் அதைக் கவனித்துவிட்டார். அவர் எதையும் கவனிக்கத் தவறுவதில்லை என்பதுதான் இப்போது தெரிந்துபோயிற்றே.

"பாத்தீங்களா சார்? அழுவான்னு அன்னைக்கே எழுதினேன்ல!"

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, சாபம் கொடுக்கவில்லை. "நன்றிதான் சொல்லிட்டீங்களே, அது போதும். இனிமே புத்தகம் வேணாம். எழுந்திரிங்க" என்றார். பென்சில், பூதக்கண்ணாடி, காகிதக் கட்டு எல்லாவற்றையும் அள்ளி அவர் மடியில் வைத்துவிட்டு, மேஜையைச் சுவரோரமாகத் தள்ளினார். மெஷினை எடுக்க நான் ஒரு பக்கம் கை கொடுத்தேன். இரும்புக் கால், நல்ல கனம். நாங்கள் அதைச் சன்னலடிக்குக் கொண்டுவரும் வரை என்னுரையார் ஒதுங்கி நின்று, ஏழு பக்கமும் கசங்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்தார். ஒரே தடவையில் கோத்துவிட்டார். பிறகு கருநீலச் சட்டை ஒன்றை எடுத்து, போட்ட தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

என்னுரையாருக்காக உங்களுக்குப் பாவமாக இருக்கிறதா, மேஜை போய்விட்டதே என்று? கவலை வேண்டாம். நான் செருப்பு மாட்டும்போது நடையிலிருந்து கூப்பிட்டார். ஒற்றை பல்புக்குக் கீழே, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, தொடையில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"சார், எட்டாவது பக்கம் ஒண்ணு வருது. 'எழுத ஒரு மேஜைகூட இல்லாத நிலையில், சொந்த வீட்டிலேயே...' எப்படி இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. பிழையே இல்லை.

நீங்கள் இப்போது நிம்மதியாக இருப்பீர்கள். நான் புத்தகமே எழுதவில்லை, எழுதும் எண்ணமும் இல்லை, இது என்னைப் பற்றியதல்ல என்று. நல்லது. ஆனால் உங்களிடமும் ஏதோ ஒரு பெரிய காரியம் பாதியில் இருக்கும். தொழில், வீடு, சங்கம், பதவி, ஏதோ ஒன்று. அது முடிகிற நாளில் மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று பேசப்போகும் நான்கு வார்த்தையும் மனத்துக்குள் எப்போதோ தயாராகியிருக்கும். 'இவர் மட்டும் பொறுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது' என்று ஒரு வரி அதில் கட்டாயம் உண்டு. அந்த வரியில் யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் எதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். தெரியாமலா நன்றி சொல்ல வைத்திருக்கிறீர்கள்? எழுந்து போய் அவரிடம் அந்த வரியை இன்றைக்கே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பி என்ன கேட்பார் என்று நினைத்ததுமே உங்களுக்கு நா எழவில்லை என்றால், சிரித்தது போதும், நான் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.