பிரிஜ்ஜுக்குள் ஒரு கால்

ஞாயிற்றுக்கிழமைகளை மீட்டே தீருவது என்று கிரிஷாந்தன் சபதம் எடுத்தபோது அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. கல்யாணமாகிப் பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருட ஞாயிறுகளும் ஒரே இடத்தில்தான் கரைந்தன. ஸ்பிரிங்வெளியில், மனைவி சுதர்சினியின் அண்ணன் தங்கராஜா வீட்டில்.

தங்கராஜா தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். தங்கமான மனிதர். பேசுவார், அவ்வளவுதான். கொழுந்து வாட்டுவதைப் பற்றித் தொடங்கினாரென்றால் கேட்கிறவன் வாடிய பிறகுதான் நிறுத்துவார். சுதர்சினி போய் இறங்கியதும் குசினிக்குள் நுழைந்துவிடுவாள். முன்னறையில் அகப்படுகிறவன் கிரிஷாந்தன்.

பதுளை பஜாரில் கொப்பியும் பாடசாலைப் பையும் விற்கிறவனுக்கு வேறு போக்கிடம் ஏது? மலைச் சைக்கிள் ஒன்று வாங்கினான். ஆஸ்பத்திரியில் கிளாக்கராக இருக்கும் ஷப்ராஸ், ஞாயிறு விடிய ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு நமுனுகல மலைப் பக்கம் மிதிக்கிறவன். அந்தக் கூட்டத்தில் பெயரைக் கொடுத்தாயிற்று. பிரஷர் குறையும் என்று வீட்டிலும் சொல்லியாயிற்று. ஒரே சங்கடம், பாதை தங்கராஜா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. மார்கழிப் பனிமூட்டத்தில் எந்த மச்சானுக்குக் கண் தெரியப்போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

காலுறை விஷயத்தில் மட்டும் ஷப்ராஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"அண்ணே, மேல போகப் போக விரல் மரத்துரும். பருத்தி மேஸ் போட்டுட்டு வராதீங்க. நனைஞ்சா காயாது. கம்பளியில பாருங்க."

கிரிஷாந்தனின் கடையில் இருந்ததெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் கால்மேஸ். ஆகவே நடைபாதைக் கடையில் கம்பளியில் நான்கு ஜோடி வாங்கி வந்தான். நான்கில் எது நல்ல சூடு? சோதிக்க வேண்டாமா? பிரிஜ்ஜைத் திறந்தான். எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். கீழ்த்தட்டுக் கீரையை அப்புறப்படுத்திவிட்டு, ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக்கொண்டு காலை உள்ளே நீட்டினான். ஜோடிக்குப் பத்து நிமிடம்.

சுதர்சினி வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"மேஸ் செலக்ட் பண்றேன்."

"காலைக் கொஞ்சம் நகத்துங்க, தயிர் எடுக்கணும்."

நகர்த்தினான். அவள் சத்தம் போடவில்லை. அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ரெண்டு ஜோடிய மேல மேல போட்டுக்கவா?" என்று கேட்டான்.

"வேணாம். இறுக்கிப் பிடிச்சா ரெத்தம் ஓடாது, இன்னும்தான் குளிரும். சப்பாத்துக்குள்ள விரல் அசையணும். இந்தச் சாம்பல் கலர எடுங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுக்கு?"

"ஒடம்புதாங்க முக்கியம். அத நான் பாத்துக்கிறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே அவன் நினைத்தான்.

சனிக்கிழமை பின்னேரம் அவள் அந்தச் சாம்பல் நிற ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு, சவர்க்காரக் கட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தேயிலைக்குள்ள அட்டை சும்மா விடாது. எங்க தோட்டத்துல காலுக்கு சவுக்காரம் பூசிட்டுத்தான் கொழுந்துக்குப் போவாங்க. நீங்க மேஸுக்கே பூசிக்கிட்டுப் போங்க."

அரைக் கட்டி கரைந்தது. பதினைந்து வருடத்தில் இப்படியொரு கவனிப்பை அவன் கண்டதில்லை. உள்ளபடியே நெஞ்சு நெகிழ்ந்துபோனான்.

ஞாயிறு விடிய ஆறு சைக்கிள்கள் மலையேறின. கிரிஷாந்தனின் கால் இரண்டும் கணப்படுப்பில் வைத்ததுபோல் கதகதவென்று இருந்தன. ஸ்பிரிங்வெளியை நெருங்கும்போது மழை பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வந்த ஷப்ராஸ் கூப்பிட்டான்.

"அண்ணே, உங்க காலு பொங்குது."

குனிந்து பார்த்தான். சப்பாத்தின் விளிம்பால் வெள்ளை நுரை வழிந்துகொண்டிருந்தது. மிதிக்க மிதிக்க நுரை. சப்பாத்துக்குள் கால் வழுக்கியது, பெடலில் சப்பாத்து வழுக்கியது. அடுத்த வளைவில் சைக்கிள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் பிரிந்தார்கள். தேயிலைச் செடி ஒன்று அவனைத் தாங்கிக்கொண்டது.

"இதோட மேல ஏறினா, எறங்குறப்ப நேரா பள்ளந்தான்," என்றான் ஷப்ராஸ். "நீங்க நில்லுங்கண்ணே. அந்தா ஒரு வீடு இருக்கு. ஆளும் நிக்கிறாரு."

குடையோடு நின்ற ஆள் தங்கராஜா.

"வாங்க மாப்புள. சுதா நேத்தே போன்ல கோல் எடுத்திச்சு. சுடுதண்ணி வச்சிருக்கு."

மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இத்தன வருஷமும் அவளோட வந்தீங்க. இப்ப என் பேச்சத் தனியா ஒக்காந்து கேக்கணும்னே சைக்கிள் வாங்கினீங்களாமே. இந்தக் குடும்பத்துல வேற யாருக்கு மாப்புள அந்த எண்ணம் வரும்?"

கிரிஷாந்தன் நுரைச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனான். ஐந்து சைக்கிள்களும் பனிமூட்டத்துக்குள் மறைந்தன. தங்கராஜா எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கொழுந்திலிருந்து ஆரம்பித்தார்.

வீடு திரும்பும்போது பின்னேரம் நாலு மணி. சுதர்சினி சோபாவில் கால் நீட்டி, முறுக்குக் கடித்தபடி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் அங்க வரல?"

"எதுக்குங்க வரணும்? அண்ணன் பேச்சு குசினி வரைக்கும் கேக்குது. பதினஞ்சு வருஷமா அதக் கேட்டுக்கிட்டுத்தான் வெங்காயம் உரிச்சேன். உங்க சைக்கிளப் பாத்த பொறகுதான் எனக்கு ஒரு வழி பொறந்திச்சு."

"மழை பேஞ்சு சவுக்காரம் நனையாம இருந்திருந்தா?"

"அண்ணன் வீட்டுக்கு முன்னால ஓடைத் தண்ணி ரோட்டுலதானே ஓடுது. எப்படியும் நனைஞ்சிருப்பீங்க."

கிரிஷாந்தன் எழுந்து நின்றான். ஆண்பிள்ளைக்கும் ஒரு ரோஷம் உண்டல்லவா?

"இனி அந்தப் பக்கமே போக மாட்டேன். அடுத்த ஞாயிறுலருந்து ஹாலிஎல ரோட்டுலதான் மிதிப்பேன்."

"தாராளமாப் போங்க. அண்ணனும் இப்பத்தான் போன்ல அதச் சொன்னாரு. நீங்க அவ்வளவு தூரம் ஏறி வந்து கஷ்டப்பட வேணாமாம்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுதர்சினி இன்னொரு முறுக்கை எடுத்தாள்.

"அவரே ஒரு சைக்கிள் எடுத்துட்டாராம். இனி நீங்க எந்த ரோட்டுல போனாலும் பக்கத்துலயே ஓட்டிக்கிட்டு வருவாராம்."