கட்டு சாரின் கறுப்புப் பட்டை

குழந்தைகளே, எலும்பு முறியாத ஆட்களுக்கெல்லாம் கட்டுப் போட்டவர் இந்த உலகத்திலேயே எங்கள் கட்டு சார் ஒருவர்தான்.

பெங்களூர் பக்கம் ஹெப்பகோடியில் மாஸ்க் துணி செய்யும் கம்பெனியில் நான் மெஷின் ஓட்டுகிறேன். அது நெய்யாத துணி. பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. இழைகளைப் பரப்பிச் சூடாக அழுத்தினால் அப்பளம் மாதிரி வந்துவிடும். அதன்மேல் கிராஃபீன் பூசுவது சாரின் வேலை. பென்சில் கரியை ஏடு ஏடாக உரித்தால் கிடைப்பதுதான் கிராஃபீன். பூசிய துணிப் பட்டையில் மின்சாரம் ஓடும். பட்டை இழுபட்டால் ஓட்டம் குறையும். உடனே கம்ப்யூட்டரில் ஒரு கோடு எகிறும்.

அப்புறம் சார் யாரை விடுவார்? டீ குடிக்கப் போனவன் முழங்கையில் பட்டையோடு திரும்புவான். சங்கடஹர சதுர்த்தி விரதத்தன்று, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த வாட்ச்மேன் கழுத்தில் ஒன்றைக் கட்டினார். கோடு குதித்தது.

"என்னய்யா முழுங்கினீங்க?"

"எச்சில் சார்."

"எச்சிலுக்கு இவ்ளோ எகிறாதே."

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். உள்ளே பாதி போண்டா. நாங்கள் ஆடிப்போனோம்.

ஆயுத பூசை முடிந்து கம்பெனி திறந்த காலையில், முதலாளி பட்டையைப் பார்க்க வெளியாட்களைக் கூட்டி வந்தார். பட்டை வேலை செய்தால் சார் சோதனை செய்யும் அறை அவருக்கே. செய்யாவிட்டால் அது குடோன், சார் வீட்டுக்கு.

அவர்களுக்குக் காட்ட வைத்திருந்த பட்டையைச் சார் எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார். அதன்மேல் தடிமனாகச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து விறைத்துக் கிடந்தது; இனி அது இழுபடாது.

"பூசையில எதையும் விடக் கூடாதுன்னு இதுக்கும் நான்தான் பொட்டு வெச்சேன் சார்," என்றார் பேக்கிங் ரத்னா அக்கா.

சார் திட்டவில்லை. எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றினார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோளில், மார்பில், தொப்பைமேல் எல்லாம் கறுப்புப் பட்டைகள். தினமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவாராம்.

மார்புப் பட்டையில் கம்ப்யூட்டர் வயரை மாட்டினார். கோடு கன்னாபின்னாவென்று துடித்தது. வந்தவர்களில் ஒருவர், இதுவும் கெட்டுவிட்டதா என்று கேட்டார். முதலாளி கதவைப் பார்த்தார்.

ரத்னா அக்கா திரையருகே போனார். "கெடல சார். இவரு பயந்திருக்காரு." பிறகு சாரின் தோளைத் தொட்டார். "மெதுவா மூச்சு விடுங்க. நாங்கல்லாம் இருக்கோம்ல."

சார் மூச்சு விட்டார். கோடு மெல்ல மெல்ல அலையாக ஏறி இறங்க ஆரம்பித்தது. வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அறை தப்பியது.

அன்று என் மார்பில் பட்டை இல்லாதது நல்லதாயிற்று. அந்தக் கோடு அடங்கும்வரை நான் மூச்சே விடவில்லை.