ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டில்

முதல் போஸ்டரைப் பார்த்ததும் பாலர் வகுப்பே சப்புக்கொட்டியது.

"ஜூஸ்," என்றது முன்வரிசை.

ஓவியருக்கு வியர்த்துவிட்டது. அவர் வரைந்து கொண்டுவந்தது ஜூஸ் அல்ல. தரை துடைக்கிற திரவம். கடையில் விற்கிற அதே பாட்டில், அதே ஆரஞ்சுப் படம். 'இதைத் தொடாதே' என்று கீழே கொட்டை எழுத்தில் எழுதியும் இருந்தார்.

"சார், இதுகளுக்கு இன்னும் 'அ'னாவே தகராறு," என்றார் மிஸ். "ஆனா ஆரஞ்சு அச்சு அசலா இருக்கு. உங்களுக்குக் கைவந்த கலை போல."

ஓவியர் போஸ்டரைச் சுருட்டினார். போன மாதம் அவருடைய நாலு வயது மகள் இந்தத் திரவத்தை ஒரு வாய் குடித்துவிட்டாள். ஆறு நாள் ஆஸ்பத்திரி. இன்றைக்கும் அவள் தொண்டையில் குளிர்ந்த பால்தான் இறங்குகிறது. இதே வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தெம்பில்லை. இன்னொரு பிள்ளைக்கு இப்படி நடந்துவிடக் கூடாது என்றுதான், வந்த வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இந்தப் போஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாட்டில்மேல் ஒரு மண்டை ஓட்டை வரைந்து வந்தார்.

"ஐ, கடல் கொள்ளைக்காரன். எனக்கும் ஒண்ணு வேணும் மிஸ்."

அடுத்த நாள் பாட்டிலுக்குக் கண்ணும் கோரைப்பல்லும் வைத்துப் பூதமாக்கினார். ஒரு வாண்டு எழுந்து வந்து பூதத்துக்கு முத்தம் கொடுத்தது.

"பாவம், அதுக்குப் பல்லு வலிக்குது."

நாலாம் நாள், திரவத்தைக் குடித்துவிட்டு அழுகிற பையனை வரைந்தார். இதுவாவது உறைக்கும் என்று நினைத்தார்.

"ஏன்டா அழறான் இவன்?" என்று கேட்டார் மிஸ்.

"காலியாயிடுச்சு மிஸ். இன்னொரு பாட்டில் கேக்கறான்."

வகுப்பு முழுக்க ஆமாம் போட்டது. ஓவியர் சின்ன நாற்காலி ஒன்றில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்துவிட்டார். மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"விடுங்க சார், உங்க மேல என்ன தப்பு? விஷத்துக்கு மேல பழத்தை வரைஞ்சு வெச்சான் பாருங்க ஒரு புண்ணியவான், அவனைக் கொண்டாந்து இங்க நிறுத்தணும்."

தம்ளர் ஓவியரின் கையிலேயே நின்றது.

கடைசி பெஞ்சிலிருந்து மகள் எழுந்தாள். குரல் இன்னும் கரகரத்தது. பெருமை மட்டும் குறையவில்லை.

"அது எங்கப்பா வரைஞ்சது மிஸ். அதனாலதான் நான் குடிச்சேன்."