குஞ்சித்தம்பி வீட்டை விட்டுப் போன படம்

நண்டின் பெரிய காலைக் கண்ணகை தன் தமையன் நாகரெத்தினத்தின் தட்டில் வைத்த அன்றைக்கே அவள் புருசன் குஞ்சித்தம்பி முடிவெடுத்துவிட்டார். இந்த அநியாயம் கல்லடி ஊர் முழுக்கத் தெரிய வேண்டும். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற கை பிறகு எதற்கு? ஊர்க் கலைக் கழகத்தின் குறும்படப் போட்டிக்கு, தாள் தாளாக வரைந்து ஓடவிடுகிற படமொன்றைத் தொடங்கினார்.

கண்ணாடிக்கு அடியில் பல்பு. வரைந்த தாளுக்கு மேல் புதுத்தாள். கால் மயிரிழை நகர இன்னொரு தாள். படத்துப் புருசன், மீசை முதல் இடுப்புச் சாரம் வரை அவரேதான், சோற்றுத் தட்டை வீசுகிறான். சோறு சிதறுகிறது. எழும்பி ஊர்ப் பாலத்தைத் தாண்டித் திரும்பிப் பாராமல் போகிறான். உண்மையில் அன்று அவர் தட்டை வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழும்பினார். ஆனாலும் கடைசித் தாளை வரைந்துவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய கொடுமை!

படம் பிடிக்கக் கண்ணகையின் போன்தான் இருந்தது. அவருடையது பட்டன் போன்.

"இஞ்ச பாரு, அடித்தாள்தான் முதல், அதில இருந்து ஒவ்வொண்டாப் படம் எடு. போன் தானா சேத்து ஓட்டும்."

"ஓம். நீங்க போய்க் குளிங்க."

"மேல இருந்து எடுத்திராத."

"எனக்கென்ன விசரா?"

அன்று மாலை கழகத் திரையில் படம் ஓடியது. பாலத்துக்கு அப்பால் நின்ற புருசன் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வந்தான். சிதறிய சோறு பருக்கை பருக்கையாகத் தட்டில் ஏறியது. பெண்சாதிக்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்தான். படம் முடிந்தது.

முன்வரிசையில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். "பாவம் கா, முகத்தைக் காட்ட வெக்கப்பட்டு முதுகைக் காட்டிக்கொண்டு வாறான்."

முதல் பரிசு அவருக்குத்தான். குஞ்சித்தம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தலைவரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"இது என்ட படமில்ல. கடைசியில இருந்து முதலுக்கு ஓடுது. இவள் வேணுமெண்டே..."

கண்ணகை எழும்பிப் போனைத் தூக்கிக் காட்டினாள். "நேராவும் ஒண்டு எடுத்து வச்சிருக்கன். போடச் சொல்லட்டா? நீங்க சோத்தை வீசுறது வடிவாத் தெரியும்."

சபை அவரையே பார்த்தது. பாதிக்கு மேல், தினமும் ஆருக்காவது சோறு ஆக்கிப் போடுகிற பெண்கள்.

"வேணாம்," என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

பரிசு கிடைத்த சந்தோசத்தில் மறுநாள் வீட்டில் நண்டுக்கறி. பெரிய கால் நாகரெத்தினத்துக்கே போனது. குஞ்சித்தம்பி தட்டுக்கு வெளியே விழுந்த பருக்கையையும் பொறுக்கித் தின்றார்.