சாயங்காலம் மட்டும் குறையும் தண்ணீர்

ஊரார் தொட்டிகளுக்கெல்லாம் மட்டம் பார்க்கும் அருமை மகனுக்கு, அப்பா ஆசியுடன் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். மொட்டைமாடித் தொட்டிதான் சௌக்கியமாக இல்லை. போனில் சொல்லலாமே என்பாய். போன் உன் அம்மா கையை விட்டு இறங்கினால்தானே! அதனால்தான் கடுதாசி.

விஷயத்துக்கு வருகிறேன். போன லீவில் வந்தபோது, "தண்ணி தீர்ந்துபோறதுகூடத் தெரியாம ரெண்டு பேரும் சோப்பு நுரையோட நிக்கிறீங்களே" என்று சொல்லி, உன் ஆலையில் கழித்துப் போட்ட லெவல் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் சரிபண்ணிக் கொண்டுவந்து மாட்டினாய். இருந்த கொஞ்ச நாளும் எங்களோடு பேசியதைவிட அந்தத் தொட்டியோடு பேசியதுதான் அதிகம். போகட்டும். கேபிளில் தொங்கும் அந்த உருளை, தன் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் அழுத்துகிறது என்று பார்த்து மட்டத்தைச் சொல்லும் என்றாய். குறைந்தால் உன் போனுக்கே சேதி வரும், உடனே கூப்பிடுவேன் என்றாய். நல்ல ஏற்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் டிரான்ஸ்மிட்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டதப்பா.

காலையில் பார்த்தால் தொட்டியிலும் முக்கால், சமையலறைச் சுவரில் நீ மாட்டிய டிஸ்ப்ளேயிலும் முக்கால், அவ்வளவு சமர்த்து. சாயங்காலம், அதுவும் உன் ஷிப்ட் முடிகிற நேரமாகப் பார்த்து, தடாலென்று கால் தொட்டிக்கு விழுந்துவிடுகிறது, உடனே நீ கூப்பிடுகிறாய், உன் அம்மா பேசுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே "ஏங்க, புள்ள மோட்டார் போடச் சொல்றான்" என்று எனக்குக் கையைக் காட்டுகிறாள், நானும் போடுகிறேன், நிறைந்துவிட்டது என்று டிஸ்ப்ளே சொல்லட்டும் என்று அதற்கு எதிரிலேயே காத்திருக்கிறேன், அது என்னடாவென்றால் அரைக்கு மேல் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. கடைசியில் நிறைந்ததைச் சொன்னவர் கீழ்வீட்டுத் தையல்காரர். தலையெல்லாம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். "சார், மழைகூட இருட்டிக்கிட்டு வந்துதான் பெய்யும். உங்க வீட்டுத் தண்ணி சொல்லாமக் கொள்ளாம ஊத்துதே, வெட்டி வெச்ச துணியெல்லாம் போச்சே!" என்றார். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். உன் அம்மா, என்னவோ தானே தொட்டியைக் கவிழ்த்துவிட்ட மாதிரி, அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, நனைந்த துணிகளை வாங்கி உலர்த்தி இஸ்திரியும் போட்டுக் கொடுத்தாள்.

பராமரிப்பில் குறை வைத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொன்னபடி ஒரு காலையில் உருளையை மேலே எடுத்து, முகத்தில் படிந்த சேற்றைப் பழைய டூத் பிரஷ்ஷால் நோகாமல் துடைத்தேன். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கிற தகடு கிழிந்துபோகும் என்று நீ பயமுறுத்தி வைத்திருப்பதால் ஊசி இருக்கும் திசைக்கே போகவில்லை. கேபிளுக்குள் காற்றுக்காக ஓடும் மூச்சுக்குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்ததில் என் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்தது. அந்தக் கண்ணாடிக்காகவாவது மட்டம் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டாமா? அன்றைக்குச் சாயங்காலமும் கால் தொட்டிதான்.

சரி, இதைக் கழற்றிவிடலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். வந்ததே கோபம்! "என் புள்ள மாட்டினது பொய் சொல்லாது. அதுல கை வெச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!" என்றாள். எனக்கும் கோபம் வரும் என்பதை இந்த வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஆகவே இதைப் படித்ததும் வந்து அந்தச் சனியனைக் கழற்றிக்கொண்டு போ. இல்லாவிட்டால் நானே கழற்றிப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடுவேன். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு தரம் கூப்பிடுவாய், "சாப்டீங்களா, சரி வெச்சிடறேன்" என்பாய். வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. அதுவே போதும்.

வேளைக்குச் சாப்பிடு. ஆலையில் ஆசிட் தொட்டி மேல் ஏறும்போது இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொள். உன் கைபட்ட தொட்டியெல்லாம் நிறைந்திருக்கட்டும், வழியாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கால் ஈரம் காயாத அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், கேபிளை எந்த இடத்தில் கட்டியிருக்கிறாய் என்று பார்த்து எழுதிவிடலாமே என மாடிக்குப் போனேன். அங்கே உன் அம்மா தொட்டி மூடியைத் திறந்து, கேபிளை மேலே இழுத்துத் துணி காயப்போடும் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். உருளையை மேலே தூக்கிவிட்டால் அதன் தலைக்கு மேல் தண்ணீர் குறைவாகத்தானே இருக்கும்! என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி குறைஞ்சாத்தாங்க அவன் கூப்பிடறான்" என்றாள். எந்த வாயால் திட்டுவது? உன் போன் வரும் நேரம் என்று நானும் இப்போதெல்லாம் சாயங்காலம் எங்கேயும் போவதில்லை. அவள் போட்டிருந்த முடிச்சு தொளதொளவென்று இருந்தது, நான் இறுக்கிக் கட்டிவிட்டேன். கழற்றுவதற்கென்று நீ வர வேண்டாம். வருவதானால் சும்மா வா. எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நாளைக்கும் தண்ணீர் குறையும். நீ பாட்டுக்குக் கூப்பிட்டு மோட்டார் போடச் சொல்லு, நான் போடமாட்டேன்.