வெள்ளைப் பூ வந்தவர்கள் மட்டும் ஏலம் கேட்கவும்

அஸ்தம்பட்டி, சேலம்.
ஆவணி மாதம், ஞாயிறு, காலை எட்டரை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரித்தான ஜெயபிரகாஷ் மாமாவுக்கு,

கோகுல்ராஜின் வணக்கம். நான் நலம். மஸ்கட்டில் தாங்களும் பிரீத்தி அக்காவும் பாப்பாவும் நலமென்று நம்புகிறேன். தாங்கள் விட்டுப்போன பல் நாற்காலியும் நலம். அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வாரம் ஒருமுறை துடைக்கிறேன். வாய் கொப்பளிக்கும் கிண்ணத்தில் பேனாக்களை வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ‘என்னாச்சு’ என்று ஏழு முறை கேட்டிருந்தீர்கள். ஏழு முறையும் கட்டைவிரலை அனுப்பினேன். கட்டைவிரலுக்குள் இவ்வளவும் அடங்காது. அதனால் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கவலை வேண்டாம். நாற்காலி விற்றாயிற்று. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அது இந்த வீட்டில் இருக்காது. யாருக்கு விற்றது என்பது மட்டும் பதினோரு மணிக்குத் தெரியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தாங்கள் கிளினிக்கை மூடிவிட்டுக் கிளம்பியபோது, மாடியைக் காலி செய்ய வேண்டாம், நீ இருந்து ஆய்வை முடி, நாற்காலியை மெதுவாக விற்றுக்கொள்ளலாம் என்றீர்கள். மெதுவாக என்ற சொல் வீட்டுக்காரர் செங்கோட்டையனுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய கட்டில் கீழே சரியாக நாற்காலிக்கு நேரே கிடக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நூற்று எழுபது கிலோவும் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதாம். ஆறு வருடம் கிளினிக் நடந்தபோது இருக்கவில்லையா என்று கேட்டேன். அப்போது டாக்டர் இருந்தார், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று தைரியமாக இருந்தது என்றார். என்மேல் அந்தத் தைரியம் வரவில்லை. என் ஆய்வு நவீனக் கவிதையில் மௌனம் பற்றியது என்று ஒருமுறை விளக்கியிருந்தேன். பேசாமல் இருப்பதைப் பற்றி எழுத எதற்கு ஐந்து வருடம் என்று கேட்டார். பதில் கடைசி அத்தியாயத்தில் இருக்கலாம்.

ஆடி பிறந்ததும் மாடிக்கு வந்து நின்றார். நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கக் கூடாதுங்க தம்பி. ஆகஸ்டு முடியறதுக்குள்ள ஒருத்தர் கெளம்பீரோணும். அது யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

அஸ்தம்பட்டியில் கல்யாணமாகாத ஆய்வு மாணவனுக்கு மாடி கிடைக்காது. இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். ஒரு வீட்டில் மௌனம் என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஆகவே முடிவு எளிது. கிளம்ப வேண்டியது நாற்காலி. இணைய ஏலத்தில் போட்டேன். ஏழு நாள் ஏலம். அதிகம் கேட்டவருக்குப் பொருள். மூன்று நாளில் பணம் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். தெளிவான விதி. விதி தெளிவாக இருந்தால் மனிதர்களும் தெளிவாக இருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

முதல் ஏலத்தில் வென்றவர் ஆட்டையாம்பட்டி காத்தான். விசைத்தறி வைத்திருப்பவர். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் தொழில், வீட்டுக்கு வந்தால் சாய்ந்து டிவி பார்க்க வேண்டும், கால் மிதியை அழுத்தினால் தானாகச் சாயுமா என்று கேட்டார். சாயும் என்றேன். மேலே இருக்கிற விளக்கும் வருமா என்றார். வரும் என்றேன். நாளைக்கு வாரேனுங்க என்றார். நான் குட்டியானை வண்டிக்காரர் சைபுல்லாவை வரச்சொல்லி வாடகை பேசிவிட்டேன். மறுநாள் வண்டி வந்தது, காத்தான் வரவில்லை. போன் செய்தால் உடனே எடுத்தார், அன்பாகப் பேசினார், நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும் நாளைக்கு என்றார். அந்த வாரம் ஒன்றைப் புரிந்துகொண்டேன், மாமா. நம் பக்கத்தில் நாளைக்கு என்பது கிழமை அல்ல. ஒரு மரியாதை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“மன்னிச்சுக்கோணுமுங்க தம்பி. கொலசாமி கோயில்ல பூக் கேட்டனுங்க. செகப்பு வந்துருச்சு.”

கல்யாணத்துக்குப் பூக் கேட்பார்கள், தெரியும். கிணறு வெட்ட, தறி வாங்க, பேச்சு நின்றுபோன பங்காளியோடு பேச. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், சாமி காலடியில் வைத்துப் பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். நம் வீட்டிலும் செய்வதுதான். ஆனால் ஏலத்தில் ஜெயித்த பிறகு, பயன்படுத்திய பல் நாற்காலிக்கு? ஏலம் கேட்கும் முன்பே சாமியைக் கேட்டிருக்கலாமே என்றேன். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத பொருளுக்காகச் சாமியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். அதில் ஒரு தர்க்கம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

சைபுல்லா இரண்டாம் முறையும் வெறும் வண்டியோடு திரும்பினார். கோபப்படவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, எடையே இல்லாத சரக்கு, வண்டிக்கு நல்லதுதான் என்றார்.

இரண்டாம் ஏலம். வென்றவர் குமாரபாளையம் சரிதா, அழகு நிலையம் நடத்துபவர். இவர் நேரில் வந்தார். நாற்காலியில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடினார். பத்து நிமிடம் பேசவில்லை. நான் ஆய்வு செய்கிற மௌனம் அதுதான் என்று தோன்றியது. எழுந்து, புருவம் எடுக்க இதைவிட நல்ல நாற்காலி பவானி பாலத்துக்கு இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்றார். நான் உஷாராகிவிட்டேன். பூக் கேட்டாயிற்றா என்றேன். முன்தினமே பிறந்த வீட்டுக் குலதெய்வத்திடம் கேட்டுவிட்டாராம். வெள்ளை. உறுதிக்கு மேல் உறுதி. சைபுல்லா வண்டியை வாசலுக்குப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். இரண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். அந்த நேரத்தில் சரிதாவுக்குப் போன். கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. அவருடைய கணவர் தனியாக, தன் குலதெய்வத்திடம், ஒரு பூக் கேட்டிருக்கிறார். சிவப்பு.

“எனக்குக் குடுத்ததுங்க அது. ஆனா வெக்கறது அவரு பேருல இருக்கற கடையில. நான் என்னங்க பண்ணட்டும்?”

சாமிகளுக்கும் எல்லை இருக்கிறது, மாமா. வாங்குவது ஒருவர் அதிகாரம், வைப்பது இன்னொருவர் அதிகாரம். ஆட்கள் இறங்கிப் போனார்கள். செங்கோட்டையன் கீழே நின்று இறங்கும் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்காலியின் கால் எதுவும் இறங்கவில்லை. இன்னும் பதினைந்து நாள் என்றார்.

அன்று மொட்டை மாடியில் நின்று யோசித்தேன். எதிரே ஏற்காட்டு மலை. கீழே ஸ்கூட்டர்கள். தவறு எங்கே? வாங்குபவர்கள் நம்ப முடியாதவர்கள் அல்ல. அவர்கள் மிகவும் நம்புகிறவர்கள். வரிசைதான் தவறு. ஏலம் முதலில், சாமி பிறகு என்று இருக்கிறது. அதைத் திருப்பினால் போதும். இது தோன்றிய கணத்தில் எனக்கு ஏற்பட்ட தெளிவு, ஐந்து வருட ஆய்வில் ஒருமுறையும் ஏற்படவில்லை. மூன்றாம் ஏலத்தின் விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: பூக் கேட்டு, வெள்ளை வந்தவர்கள் மட்டும் ஏலம் கேட்கவும். படம் இணைக்கவும்.

படங்கள் வந்தன. பதினொன்று. ஒருவர் மல்லிகைச் சரத்தை அனுப்பியிருந்தார். அது பூதான், வெள்ளைதான், ஆனாலும் மறுத்தேன். இருவர் ஒரே படத்தை அனுப்பியிருந்தார்கள். நிழல்கூட ஒரே பக்கம் விழுந்தது. இருவரையும் நீக்கினேன். சென்னையிலிருந்து ஒருவர், தனக்குப் பதிலாக நானே இங்கே பூக் கேட்டுச் சொல்ல முடியுமா, சேவைக் கட்டணம் தருகிறேன் என்று எழுதினார். அதைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். சலித்து எடுத்ததில் மூன்று பேர் தேறினார்கள். காத்தான் திரும்ப வந்திருந்தார். அப்போது கேட்டது ஆடி, இப்போது ஆவணி, சாமிக்கு மனசு மாறாதா என்றார். வெள்ளை. சரிதாவின் கணவர் மறுபடி கேட்டிருந்தார். வெள்ளை. மூன்றாவது ஆள் புதியவர். திருச்செங்கோடு அருணகிரி, போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி. அவருக்கும் வெள்ளை. அலுவலகத்தில் போட நாற்காலி வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன்.

“எங்க ரேட்டச் சொன்னா எல்லாரும் அப்படியே சாயறாங்க தம்பி. சாயறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்க?”

அருணகிரிதான் வென்றார். நல்ல தொகை. எழுதினால் தாங்கள் இங்கே கிளம்பி வந்துவிடுவீர்கள், எழுதவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்து அன்று மத்தியானம் நானே ஸ்பானர் வாங்கி வந்து தரையிலிருந்த நான்கு போல்ட்டையும் கழற்றினேன். அப்போது காத்தான் போனில் வந்தார். நாற்காலியை எடுத்துக்கொள்ள எப்போது வரட்டும் என்றார். நீங்கள் ஏலத்தில் தோற்றுவிட்டீர்களே என்றேன்.

“தோத்தது நானுங்க தம்பி. சாமி தோக்கலையே.”

அரை மணி நேரத்தில் சரிதாவும் அதையே சொன்னார். எனக்கும் என் கணவருக்கும் வெள்ளை வந்த நாற்காலி, மூன்றாவது மனுசனுக்கு எப்படிப் போகும் என்றார். மாமா, இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். உத்தரவு வாங்கிக்கொண்டு வா என்று எழுதியவன் நான். மூன்று பேரும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு நாற்காலி. மூன்று உத்தரவு. ஏலத் தளத்துக்குப் புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டேன்.

ஆனால் கலங்கவில்லை. நேற்று மூன்று பேரையும் வரவழைத்து, டீ கொடுத்து, பேசினேன். வேடிக்கை பார்க்க வந்த செங்கோட்டையன் நடுவராகிவிட்டார். ஒருவர் குலதெய்வம் இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தெருமுனைப் பிள்ளையார் யாருக்கும் குலதெய்வம் இல்லை. பொதுவானவர். அவரிடம் ஒரே நாளில், எல்லோர் முன்னாலும், கேட்டுவிடலாம் என்றேன். மூன்று பேர் பெயரையும் எழுதி வைக்கலாமா என்று கேட்டதற்கு, சாமியிடம் பெயரெல்லாம் கேட்கக் கூடாது, ஆமாவா இல்லையா என்றுதான் கேட்க வேண்டும் என்று செங்கோட்டையன் திருத்தினார். சரி. ஏலத்தொகை வரிசையில் முதலில் அருணகிரிக்கு. வெள்ளை வந்தால் அவருக்கு, அத்தோடு முடிந்தது. சிவப்பு வந்தால் காத்தானுக்கு. அவருக்கும் சிவப்பென்றால் சரிதாவுக்கு. சிவப்பு வந்தவர்கள் பேச்சில்லாமல் ஒதுங்க வேண்டும். கையடித்துக் கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் சிவப்பாக வர எட்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. எட்டில் ஏழு நம் பக்கம். நான் எழுதிய எந்தத் தேர்விலும் இவ்வளவு சாதகம் இருந்ததில்லை. வாசலில் சைபுல்லாவின் வண்டி நிற்கிறது. கயிறு தயார். கழற்றிய போல்ட்டுகள் என் சட்டைப்பையில். பத்து மணிக்குக் கோயில். தாங்கள் இதைப் படிக்கும்போது ஹாலில் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் இருக்கும். அதன் நடுவில் மேசை போட்டுக் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்கு என் அன்பு. பாப்பாவுக்குப் பற்கள் வரிசை பிசகாமல் முளைக்கட்டும். தங்களிடம் வருகிற கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒரே இழுப்பில் வரட்டும். வெயிலில் அலைய வேண்டாம்.

தங்கள் மைத்துனன்,
கோகுல்ராஜ்.

பின்குறிப்பு: பகல் பன்னிரண்டே கால். அனுப்பும் முன் இதையும் சேர்க்கிறேன்.

அருணகிரிக்குச் சிவப்பு. காத்தானுக்குச் சிவப்பு. சரிதாவுக்குச் சிவப்பு.

பேச்சு மாறாமல் மூன்று பேரும் ஒதுங்கினார்கள். அருணகிரிதான் முதலில் செருப்பை மாட்டினார். பத்து இடத்தில் துளை போட்டால் நாலு இடத்தில் தண்ணீர் வராது, அதற்காக அங்கேயே நின்று அழ முடியுமா என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அப்போது செங்கோட்டையன், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் என்று முன்னால் போனார். தெருமுனைக்கு இவ்வளவு தூரம். பூசாரி மறுபடி இரண்டு பொட்டலம் கட்டினார். செங்கோட்டையன் கண்ணை மூடிச் சத்தமாகவே கேட்டார்: அந்த நாற்காலி அங்கேயே இருக்கலாமா?

வெள்ளை.

நான் மாடிக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கீழே இருந்து பார்த்தால்தான் பயம், மேலே ஏறிவிட்டால் பாரமே தெரியவில்லை என்றார். மதியத் தூக்கத்தை இனி இங்கே வைத்துக்கொள்ளப் போகிறாராம். விலையைக் கேட்டேன். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். போல்ட்டுகளை வாங்கி எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார். பேனாக்களை என் கையில் கொடுத்தார். இருவரில் ஒருவர்தான் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினார்.

“அப்ப நானுங்க?” என்றேன்.

“உங்களப் பத்தி யாரும் கேக்கலீங்களே தம்பி.”

நான்கு கேள்வி. எட்டுப் பொட்டலம். உண்மைதான், மாமா. நானும் கேட்கவில்லை.