வாவா பாயின் இரண்டு தட்டு

தண்டையார்பேட்டையில் பின்பக்கமாகப் போன வண்டி எதுவானாலும், அது வாவா பாயின் அனுமதியோடுதான் போயிருக்கும். நாற்பதடி டிரெய்லரிலிருந்து ஐஸ்கிரீம் தள்ளுவண்டி வரைக்கும் இதில் விலக்கு கிடையாது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த கன்டெய்னர் குடோனில் அது ஒருவருக்கும் தெரியாது, சம்பளம் கொடுத்தவர் உட்பட.

டிரெய்லர்கள் ரிவர்ஸில் வந்து குடோன் வாசலை ஒட்டி நிற்க வழி காட்டுவது அவர் வேலை. "வா, வா, வா... ஒடி நைனா, இன்னும் ஒடி... வா, வா" என்று கத்திக்கொண்டே வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் கிளம்பு. ஒரு தட்டு என்றால் நில். எந்த மாநிலத்து டிரைவராக இருந்தாலும் துறைமுகத்துக்கு வந்த முதல் நாளே இந்தப் பாஷை புரிந்துவிடும். பாய் நிறுத்திய வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையைச் செருகலாம், கையைச் செருக முடியாது.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வேலை இல்லாத நேரத்திலும் அவருக்கு அந்தக் கை சும்மா இருக்காது. எங்கள் குடோன் பக்கத்துச் சந்தில் ஓர் எருமை மாட்டிக்கொண்டபோது, அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி, பின்பக்கமாகவே நடத்தி வெளியே கொண்டுவந்தார். எருமை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போனது.

அவருடைய தம்பி கல்யாணத்தில் நடந்தது இன்னும் மோசம். மேடையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஃபோட்டோவுக்கு நிற்கிறார்கள். ஃபோட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்கிறார். சொந்தக்காரர்கள் நடுவில் நின்ற பாய்க்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "வா, வா, வா... எடம் கீது மாமு, வா, வா" என்றார். ஃபோட்டோக்காரர் நம்பி வந்தார். மேடை முடிந்தது. மனிதர் கீழே பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் போய் விழுந்தார்.

"நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்?" என்று மறுநாள் கேட்டேன்.

"தட்னாதானே ரைட்டரு நிக்கும்? அந்த ஆளு கைக்கு எட்டல. நான் இன்னா பண்ண சொல்லு" என்றார். முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. என்னை அவர் ரைட்டரு என்றுதான் கூப்பிடுவார். உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இத்தனை லாரிகளுக்குப் பின்னால் நின்ற மனிதரை ஒரு லாரியும் தொடவில்லை. திருவொற்றியூரில் விருந்துக்குப் போய்விட்டு மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ரோட்டு நடுச்சுவரை ஒட்டிக் கிடந்த மணலில் பைக் வழுக்கியது. ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஹெல்மெட் போடாத பாயின் தலை அந்தச் சுவரில் மோதியது.

மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். பல நாள் கழித்துக் கண் விழித்தார். கை அசைந்தது, கால் அசைந்தது, கேட்டதற்குப் பதிலும் சொன்னார். பிழைத்துவிட்டார் என்று குடோனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாயிடம் எல்லாம் இருந்தது. ஒன்றைத் தொடங்குவதும் முடிப்பதும் மட்டும் போய்விட்டிருந்தது.

"பசிக்குதான்னா பசிக்குதுன்றாரு தம்பி. போட்டுக் குடுத்தா சோத்தையே பாத்துகினு கீறாரு. காலைல பிரஷ்ஷ வாயில வெச்சா ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ச்சுகினே கீறாரு" என்றார் அவர் மனைவி ஷமீம் அக்கா. பாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பது போல முகத்தை வைத்திருந்தார். நான் பேச்சுக் கொடுத்தேன். என்னைத் தெரிகிறதா என்றேன். "தெரியுது" என்றார். அவ்வளவுதான். ரைட்டரு என்று சொல்லவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஷமீம் அக்கா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். சம்பளத்தோடு கிடைத்த லீவு தீர்ந்து, சம்பளமில்லாத லீவு ஓடிக்கொண்டிருந்தது. பாயை ஒரு பொழுது தனியாக விட முடியாது. அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்க மாட்டார். ஆம்பூரில் இருந்த தம்பி, அந்த ஃபோட்டோ கல்யாணத்து மாப்பிள்ளை, நல்ல மனுஷன். "எங்கூட அனுப்புங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று வந்து நின்றார். அக்கா நோன்புப் பெருநாள் முடியும் வரை தவணை கேட்டார்.

"அங்க போனா நல்லாத்தான் பாத்துப்பாங்க. ஊட்டி வுடுவாங்க, குளிப்பாட்டி வுடுவாங்க. ஒரு சேர்ல உக்கார வெச்சிடுவாங்க தம்பி. அப்பால அவரு அதுலேர்ந்து எய்ந்துக்கவே மாட்டாரு" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு அந்த நாற்காலிதான் பயம்.

தலையில் அடிபட்டவர்களுக்கென்றே இருக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே ஜெனிஃபர் என்ற தெரபிஸ்ட் பாயை எடுத்துக்கொண்டார். சின்ன வயசு, சிரித்த முகம், ஆனால் பிடித்தால் விட மாட்டார். முதலில் சுவரில் படங்கள் ஒட்டிப் பார்த்தார். பாய் படங்களை ரசித்தார். பிறகு செல்ஃபோனில் அலாரம் வைத்தார். பாய் அலாரத்தைக் கடைசி வரை கேட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்றார்.

ஒருநாள் ஜெனிஃபர் என்னை வரச் சொன்னார். "அவர் வேலையில என்னென்ன பண்ணுவார் சார்? யோசிக்காம, தன்னால பண்ற மாதிரி ஏதாவது இருக்கும். நடிச்சுக் காட்டுங்க" என்றார். ஐம்பது வயதில் நான் அந்த அறையில் டிரெய்லராகப் பின்னால் நடந்தேன், பாயாகக் கத்தினேன், மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அக்கா கொண்டுவந்த இட்லிக்கு முன்னால் அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த பாய், ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டார்.

அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். ஜெனிஃபர் என்னைப் பார்த்துக் கண் காட்ட, ஒரு தட்டுத் தட்டினேன். கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. ஷமீம் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். "இப்ப நீங்க தட்டுனா சாப்பிடறார். நீங்க வீட்டுக்குப் போயிட்டா? அவருக்கு அவரே தட்டிக்கணும் சார்" என்றார் ஜெனிஃபர்.

அதற்கு மாதங்கள் ஆயின. அக்கா தட்டுவது, பிறகு பாயின் கையைப் பிடித்து அவர் தொடையிலேயே தட்டவைப்பது, பிறகு கையைத் தொட்டுவிட்டு விடுவது, பிறகு கையைப் பார்ப்பது மட்டும். நடுவில் வறுகடலைக்காரர் ஒருவர் வந்து பேஜார் பண்ணினார். அவர் தெருவில் வாணலியை டங் டங் என்று இரண்டு தட்டுத் தட்டினால், குளித்து முடித்த பாய் மறுபடி குளிக்கக் கிளம்பிவிடுவார். வாசலில் யாராவது கதவை ஒரு தட்டுத் தட்டினால் வாயில் இருப்பதை மெல்லாமல் நிறுத்திவிடுவார். மையத்தில் அதற்கும் ஒரு பயிற்சி. சுற்றி நாலு பேர் மேஜையையும் டப்பாவையும் தட்டுவார்கள். பாய் தன் கைக்கு மட்டும் கிளம்ப வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கச்சேரி போல இருக்கும். உள்ளே ஒரு மனிதர் வியர்த்து வழிந்துகொண்டிருப்பார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டீ போடவும் கதவைப் பூட்டவும் கற்ற அந்த மனிதர் பழைய வாவா பாய் இல்லை. கிண்டல் இல்லை, கத்தல் இல்லை. யாருடைய வண்டியையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. குடோனில் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். உயிரோடு இருக்கும் ஒருவருக்காகத் துக்கப்படுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பெருநாள் முடிந்து, சொன்னபடி ஆம்பூர் தம்பி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு பாய் தனியாகப் போக வேண்டும் என்று ஜெனிஃபர் முடிவு செய்தார். வீட்டைப் பூட்டி, முனையில் ரோட்டைக் கடந்து, பள்ளிவாசல் வரை. கூட யாரும் வரக் கூடாது, யாரும் கண்ணில் படக் கூடாது, சத்தம் கூடாது. ஜெனிஃபரும் அக்காவும் தம்பியும் மெடிக்கல் ஷாப்பில் ஒளிந்தார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றேன்.

பாய் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். முனையில் நின்றார். லாரிகள் போயின. ரோடு காலியாயிற்று. நின்றார். மறுபடி லாரிகள் வந்தன, போயின. அப்போதும் நின்றார். தம்பி பாய்ந்து வரப் பார்த்ததும் ஜெனிஃபர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் எனக்குத் தெரிந்தது. ரோடு மறுபடி காலியானது. பாயின் வலது கை மெல்ல எழுந்து தொடையில் இரண்டு முறை விழுந்தது. கடந்தார்.

"இங்கியே இருக்கட்டும் அண்ணி" என்று தம்பி அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாராம். நாளைக்கே தான் வேலைக்குப் போகலாம் என்று அக்கா கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதாராம். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அந்த நேரத்தில் பாய் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். கைக்கு எட்டும் தூரம். இன்னா ரைட்டரு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராதா என்று இருந்தது. நான் கூப்பிட்டால் நின்றுவிடுவார், நின்றால் மறுபடி கிளம்ப எவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பாய் என்னைத் தாண்டிப் போனார்.